அலைக்கற்றையும் பொதுவழிதான்

1

‘2ஜி-முக்த் பாரத்’ என்று ஒரு கோஷம் சில வருசங்களாகக் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. முக்த் என்றால் விடுபட்ட, விடுதலை பெற்ற என்று பொருள். இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மந்திரி சுக்ராமோடு பேசினார். அதன் 25ஆவது வருசக் கொண்டாட்டத்தில், 2020இல், ரிலையன்ஸ் முதலாளி முகேஷ் அம்பானி பேசினார். இன்னும் 30 கோடிப் பேர் 2ஜி காலத்தில் சிக்கிக் கிடக்கிறார்கள், 2ஜியை வரலாறாக்கிவிட வேண்டும், அதற்கு அவசரமாகக் கொள்கை முடிவு எடுங்கள் என்று அரசைக் கேட்டார். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு ‘ஜியோ பாரத்’ போனை இறக்கியபோதும் இந்தக் கோஷம்தான் விளம்பரம். 2024 தொடக்கத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயிடம் ஜியோ எழுதிக்கொடுத்த கருத்திலும் 2ஜி, 3ஜி இரண்டையும் அடியோடு மூடக் கொள்கை வகுக்கச் சொல்லியிருந்தது.

விடுதலை என்கிற சொல்லை நாம் அவ்வளவு லேசில் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. யாரை யார் விடுவிக்கிறார், எதிலிருந்து, யார் செலவில் என்று கேட்பது நம் பழக்கம். இங்கேயும் கேட்போம்.

ஜியோ 2016 செப்டம்பர் 5 அன்று தொழிலுக்கு வந்தபோதே 4ஜியோடுதான் வந்தது. அதனிடம் மூடுவதற்கு 2ஜி என்று ஒன்று கிடையாது. 2ஜி சனங்கள் ஏர்டெல்லிலும் வோடபோன் ஐடியாவிலும் பிஎஸ்என்எல்லிலும் இருக்கிறார்கள். அடுத்தவன் கொல்லையில் இருக்கிற கிணற்றைத் தூர்த்துவிடுங்கள், தண்ணீருக்கு எங்கள் குழாய்க்கு வரட்டும் என்று சொல்வதற்குப் பெயர் விடுதலையா? யாவாரம். யாவாரத்தை யாவாரம் என்று சொல்லிச் செய்யட்டும், நமக்கு ஒன்றுமில்லை. நம் சொல்லை எடுத்துப் போர்த்திக்கொண்டு வரும்போதுதான் உறுத்துகிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதிய தொழில்நுட்பத்துக்கு எதிராக நான் எழுத வரவில்லை. பழசை அழகு என்று கொண்டாடுகிற வேலை கிராமத்தைச் சொர்க்கம் என்று கதை எழுதுகிறவர்களுக்கு உரியது. நமக்குக் கிராமம் என்னவென்று தெரியும். நம் பிள்ளைகளுக்கு 4ஜி வேண்டும், 5ஜி வேண்டும், அது சேரிக்குள் முழுசாக எட்ட வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். புதுப் பாலத்தைக் கட்டி, கடைசி ஆள்வரை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் பழைய பாலத்தை இடி. இடிக்கிற செலவையும் கடக்கிற செலவையும் பாலத்தால் லாபம் அடைகிறவன் கொடு.

2

பட்டன் போன் நம் சனங்களுக்கு என்ன செய்தது என்பதை முதலில் பேச வேண்டும். நகரத்து அறிவாளிகளுக்கு அது தெரியாது.

கைபேசி வருவதற்கு முன்பு சேதி என்பது சாதியின் கையில் இருந்தது. ஊரில் சாவு விழுந்தால் உறவுக்காரர் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் போய் இழவு சொல்வது சேரிக்காரன் தலையில் விழுந்த வேலை. என் தாத்தா அந்த வேலை செய்தவர். விழுப்புரம் பக்கம். ராத்திரியில் எழுப்புவார்கள். எழுந்து நடக்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு நாலு ஊர், ஐந்து ஊர். தெருமுனையில் நின்று இன்னார் தவறிட்டாங்கன்னு குரல் கொடுக்க வேண்டும், வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது. கூலி கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் சில்லறை. அவர் நடந்த தூரத்தை எந்த மைல்கல்லும் எழுதி வைக்கவில்லை. ஊர்ச் சேதியை எல்லாம் சுமந்த அந்த மனுசனின் சொந்த அக்கா செத்த சேதி அவருக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. அதைச் சுமந்து வர ஆள் இல்லை.

தபால் ஆபீஸ் எங்கே இருந்தது? அக்கிரகாரத்தில் அல்லது ஊர்த்தெருவில். டெலிபோன் வந்தபோது அது எங்கே வந்தது? பெரிய வீட்டுத் திண்ணைக்கு. திருப்பூருக்கும் பம்பாய்க்கும் பிழைக்கப் போன நம் ஆட்கள் அந்த வீட்டு நம்பரைத்தான் ‘பி.பி. நம்பர்’ என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். போன் வந்தால் அவர்களுக்கு மனசு இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள். தாரை வார்த்ததுபோலச் சொல்வார்கள். நம் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், எவ்வளவு மணியார்டர் வருகிறது, எவன் எவளோடு ஓடினான் என்பது நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தத் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டு ரிசீவரில் பேசிய என் அம்மா கடைசிவரை குரலை உயர்த்திப் பேசவே பழகவில்லை.

2003 மே 1 முதல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது. அதே வருசம் நோக்கியா 1100 வந்தது. தலையில் டார்ச் வைத்த அந்த போன். அதற்குப் பின் சில வருசங்களில் சேரியில் வீட்டுக்கு ஒன்று என்று ஆனது. திண்ணையைத் தொடாமல் நம் சேதி நமக்கே வந்து சேர்ந்தது அப்போதுதான். இழவு சொல்கிற வேலையும் அதோடு சாகத் தொடங்கியது. அதற்கு முன்பே மறுத்தவர்கள் இருந்தார்கள். பறையடிக்க மாட்டோம், இழவு சொல்ல மாட்டோம் என்று சொன்ன ஊர்களில் அடி விழுந்தது, குடிசை எரிந்தது, வேலை நிறுத்தப்பட்டது. ஆகவே போன்தான் எல்லாம் செய்தது என்று சொன்னால் போராடியவர்களுக்குத் துரோகம். போராட்டம் பாதி, போன் பாதி.

சாதிக்கும் இது நன்றாகவே தெரியும். 2019 ஜூலையில் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் 12 கிராமத்துத் தாக்கோர் சாதிப் பெரியவர்கள் கூடி, கல்யாணமாகாத பெண்கள் கையில் செல்போன் இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். கலப்புமணத்துக்குத் தண்டனையையும் அதே மூச்சில் சொன்னார்கள். நம் பக்கத்தில் தீர்மானம் போடுவதில்லை, பிடுங்கி உடைத்துவிடுகிறார்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பார்த்தால் எது நமக்குப் பலம் என்று தெரிந்துவிடும்.

‘சிக்கிக் கிடக்கிறார்கள்’ என்று அம்பானி சொன்ன இடம் இதுதான். நாங்கள் அங்கே சிக்கிக் கிடக்கவில்லை அய்யா. அங்கே வந்துதான் மூச்சு விட்டோம்.

3

மூடல் என்றால் என்ன நடக்கும்? மாணவத் தோழர்கள் சிலர் 2ஜி போனால் பழைய பட்டன் போன் மட்டும்தானே போகும் என்று நினைக்கிறார்கள். விஷயம் அவ்வளவு சின்னதில்லை.

2ஜியிலும் 3ஜியிலும் பேச்சுக்கு என்று தனித்தடம் உண்டு. 4ஜியில் அப்படித் தனித்தடம் கிடையாது. பேச்சும் டேட்டாவாக மாறித்தான் போகும். அதற்குப் பெயர் வோல்ட்டி. போனில் வோல்ட்டி இல்லாவிட்டால், திரையில் 4ஜி என்று காட்டினாலும், அழைப்பு வரும்போது அந்தப் போன் சத்தமில்லாமல் கீழே இறங்கி 2ஜியையோ 3ஜியையோ பிடித்துக்கொண்டு பேசும். கீழ்த்தளத்தை இடித்துவிட்டால் எங்கே இறங்கும்? ஆரம்ப காலத்து 4ஜி போன்களில் பலதும் ஊமையாகிவிடும். கடையில் இரண்டாம் கையாக வாங்குகிறவன் யார்? நம்ம ஆள்.

போனைத் தாண்டியும் 2ஜி இருக்கிறது. கடையில் கார்டு தேய்க்கிற மெஷின்கள் பலவற்றுக்குள் 2ஜி சிம். வயலில் நின்று பம்ப்செட் மோட்டாரை ஓட்டுகிற மொபைல் ஸ்டார்ட்டருக்குள் 2ஜி சிம். ஆகவே மூடல் என்று பேச்சு வந்தால் நிலம் வைத்திருக்கிறவர்களும் கடை வைத்திருக்கிறவர்களும் சத்தம் போடுவார்கள், அவர்கள் சத்தம் கேட்கவும்படும். ஸ்டார்ட்டருக்கு மாற்று வந்துவிடும். கூலிக்காரியின் போனுக்கு யார் சத்தம் போடுவது?

ஐரோப்பாவில் ஒரு வேடிக்கை. 2018இலிருந்து அங்கே புதிய ரகக் கார்களில் விபத்து நடந்தால் தானாகவே உதவி கேட்டு அழைக்கிற கருவி கட்டாயம். அது பழைய நெட்வொர்க்கில் ஓடுகிற மாதிரி செய்யப்பட்டது. மின் மீட்டர்களும் அப்படித்தான். அங்கே பல கம்பெனிகள் 3ஜியை முதலில் மூடிவிட்டு, அதைவிடப் பழைய 2ஜியை விட்டு வைத்ததற்கு இவையும் காரணம். காருக்காகவும் மீட்டருக்காகவும் காத்திருக்கத் தெரிகிறது. ஆளுக்காகக் காத்திருக்கச் சொன்னால் வளர்ச்சிக்குத் தடை என்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜியை மூடத் தொடங்கின. டெல்ஸ்ட்ரா தன் தேதியை அதற்கு முன்பு இரண்டு தடவை தள்ளிப்போட வேண்டியிருந்தது. அவசர எண்ணான 000க்கு 4ஜி வழியே பேச முடியாத போன்கள் ஏராளம் என்று தெரியவந்ததுதான் காரணம். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். 3 என்று மட்டும் எழுதி 3498க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், உன் போன் தேறுமா தேறாதா என்று பதில் வரும். பணக்கார தேசத்திலேயே இத்தனை தடுமாற்றம்.

நம் தேசத்தில் மூடல் எப்படி நடந்திருக்கிறது? ஏர்டெல் 2019இல் கல்கத்தாவில் ஆரம்பித்து 2020க்குள் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. அது திட்டம் போட்டுச் செய்தது. திட்டமில்லாமல் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் நெட்வொர்க் தமிழ்நாடு முழுக்கப் படுத்தது. 28ஆம் தேதி கம்பெனி திவால் மனு போட்டது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமானால் அதே சிம்மிலிருந்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அந்த சிம்மில்தான் சிக்னல் இல்லையே! செத்தவனையே வந்து தன் சாவுச் சான்றிதழில் கையெழுத்துப் போடச் சொன்ன கதை. பிறகு வேறு வழி செய்து, ஏப்ரல் 15வரை தவணை கொடுத்தார்கள். கடை முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நெட்வொர்க் மூடுவது என்றால் ஒரு கம்பெனி சாவது மட்டுமில்லை.

4

நான் வங்கியில் எழுத்தர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பன்னிரண்டு வருசமாகச் சனங்களைப் பார்க்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இன்றைக்கு நம்பர் என்பது பேசுவதற்கான எண் மட்டுமில்லை. அது கையெழுத்து மாதிரி. பென்ஷன் ஏறியதா என்று அதில்தான் தெரியும். ஆதாரில் எதையாவது மாற்ற, கேஸ் மானியம் பார்க்க, கணக்கைத் திறக்க, எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். நம்பர் செத்தால் ஆள் உயிரோடு இருந்தும் செத்த கணக்கு.

ஒரு ஆயா. பட்டன் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி மடியில் வைத்திருப்பார். நாலைந்து மாசம் ரீசார்ஜ் செய்யவில்லை, கம்பெனி சிம்மை அறுத்துவிட்டது. 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால் நம்பரை எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. எடுத்துக்கொண்ட நம்பரைப் பிற்பாடு வேறு ஆளுக்கு விற்கிறார்கள். “சாமி, பணம் ஏறுச்சான்னு போன்ல சேதியே வரல” என்று வந்து நின்றார். சாமின்னு கூப்பிடாத ஆயா, பேரன்னு கூப்பிடு என்று சொல்லிவிட்டு அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன். எங்கேயோ ஒரு வாலிபன் எடுத்தான். “ஆமாங்க, யாருக்கோ மாசாமாசம் பென்ஷன் வந்ததா மெசேஜ் வருது, நான் அழிச்சிடுவேன்” என்றான். நல்ல பையன். நல்ல பையனாக இல்லாதிருந்தால்?

நம்பரை மாற்றலாமே என்பீர்கள். வங்கியில் மாற்றப் படிவம் எழுத வேண்டும், ஆதாரைக் காட்ட வேண்டும். ஆதாரில் மாற்றப் பெரும்பாலும் ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும். நாற்று பிடுங்கிப் பிடுங்கித் தேய்ந்த விரலில் ரேகை ஏது? இரண்டு நாள் கூலி போகும், பஸ்ஸுக்குப் போகும், படிவம் எழுதித் தருகிறவனுக்குப் போகும். ஒரு நெட்வொர்க்கை மூட டெல்லியில் ஒரு கையெழுத்துப் போதும். அந்தக் கையெழுத்தின் கூலியைக் கோடிக்கணக்கான ஆயாக்கள் இப்படிச் சில்லறையாகக் கட்டுவார்கள். எந்த பட்ஜெட்டிலும் அந்தக் கணக்கு வராது.

இதில் பெண்களின் பாடு தனி. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: தானே பயன்படுத்துகிற செல்போன் வைத்திருக்கிற பெண்கள் நூற்றுக்கு 54 பேர். ஒருதடவையாவது இணையத்தைத் தொட்ட பெண்கள் 33 பேர், ஆண்கள் 57 பேர். வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன் வந்தால் அது ஆணின் சட்டைப்பையில் இருக்கும். பழைய பட்டன் போன் பெண்ணின் கைக்கு வரும். அதை ஊமையாக்கினால் அவளுக்குப் புதுசு வாங்கித்தருவார்களா, இல்லை ‘என் போன்லயே பேசிக்க’ என்பார்களா? திண்ணை மறுபடியும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சாதியைப் பற்றி எழுதும் நம் பத்திரிகைகள் இந்தத் திண்ணையைப் பற்றியும் எழுத வேண்டும்.

அரசும் எல்லார் கையிலும் ஸ்மார்ட் போன் இருப்பதாக நினைத்துக்கொண்டே சட்டம் போடுகிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலையில் எல்லா இடத்திலும் செயலி வழியாகத்தான் வருகைப் பதிவு என்று ஆக்கினார்கள். ஏரிக்கரையில் நின்று இரண்டு வேளை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத நாளில் வெட்டிய மண்ணுக்குக் கூலி கிடைக்குமா என்று பயந்து பயந்து வேலை செய்தார்கள். இன்னொரு பக்கம், பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்ப 2022 மார்ச் 8 அன்று ரிசர்வ் வங்கியே ‘யுபிஐ 123பே’ என்று ஒன்றைத் தொடங்கி வைத்தது. ஒரு கை பட்டன் போனுக்குச் சாவி கொடுக்கிறது, இன்னொரு கை கதவைச் சாத்தப் பார்க்கிறது.

5

அதிகாரபூர்வமாக 2ஜி மூடப்படவில்லை, நீ ஏன் இப்போதே கத்துகிறாய் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அரசு மூட ஆணை போடவில்லை. ஆனால் கதவைச் சாத்த ஆணையே தேவையில்லை. விலை போதும்.

2018 வரைக்கும் சிம்மில் காசு இல்லாவிட்டாலும் அழைப்பு வரும். ‘லைஃப்டைம் இன்கமிங்’ என்று விற்றார்கள். நம் சனங்கள் அதை வைத்துக்கொண்டு மிஸ்டு கால் என்று ஒரு பாஷையையே உண்டாக்கினார்கள். ஒரு மணி அடித்தால் கிளம்பிவிட்டேன், இரண்டு அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன். காசில்லாதவன் செய்த கண்டுபிடிப்பு அது. 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 28 நாளைக்கு 35 ரூபாயாவது போட்டால்தான் சிம் உயிரோடு இருக்கும் என்றன. 2024 ஜூலையில் அந்தக் குறைந்தபட்சம் 199 ரூபாய். ஐந்து மடங்குக்கு மேல். 28 நாள் என்பதால் வருசத்துக்கு 13 மாசம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 2587 ரூபாய். அன்று 1200 ரூபாய் முதியோர் பென்ஷன் வாங்கியவர் இரண்டு மாசப் பென்ஷனை அப்படியே கொடுத்து, மேலும் 187 ரூபாய் போட வேண்டியிருந்தது. அதில் ஒரு பங்கு டேட்டாவுக்கான விலை. பட்டன் போன்காரருக்கு டேட்டா எதற்கு? சாப்பிடாத சோத்துக்கு இலை போட்ட காசு.

இந்தச் சத்தம் டெல்லிவரை போனது. 2024 டிசம்பரில் ட்ராய் விதியைத் திருத்தி, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தனியாக இருந்தே ஆக வேண்டும் என்றது. சுமார் 15 கோடிப் பேர் டேட்டா இல்லாத 2ஜி போனில் இருப்பதை அதற்குக் காரணமாகக் காட்டியது. 2025 ஜனவரியில் கம்பெனிகள் அப்படி ஒன்றை வைத்தன. ஏர்டெல்லில் 84 நாளைக்கு முதலில் 499 என்றார்கள், பிறகு 469. 28 நாளைக்கு 156 ரூபாய் ஆனது. கொஞ்சம் குறைவு, 35க்கு ரொம்ப தூரம். அதையும் மொத்தமாக முன்னாலேயே கட்ட வேண்டியிருந்தது. அன்றாடங்காய்ச்சிக்கு 469 ரூபாய் ஒரே நாளில் எங்கிருந்து வரும்? ஆனாலும் இது ஒரு வெற்றிதான். கேட்டால் கிடைக்கும் என்று காட்டியது.

கம்பெனிக்காரன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். அதே அலைவரிசையில் 4ஜி ஓட்டினால் பல மடங்கு ஆட்களுக்குச் சேவை கொடுக்கலாம். இரண்டு நெட்வொர்க்கை ஒரே நேரத்தில் ஓட்டுவது செலவு. பழைய கருவிக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அருகிக்கொண்டு வருகிறது. ஒருநாள் மூடத்தான் வேண்டிவரும், சரி. மூடியபின் காலியாகிற அலைவரிசையில் வருகிற லாபம் யாருக்கு என்றும் சொல்லிவிட்டுப் பேசுங்கள். 999 ரூபாய் போனில் அதே கம்பெனியின் சிம்தான் வேலை செய்யும். வீடு கட்டித் தருகிறார்கள், கதவின் தாழ்ப்பாள் மட்டும் வெளிப்பக்கம்.

6

2ஜி என்ற வார்த்தையைத் தமிழ்நாட்டில் சொன்னாலே சிலருக்கு ஒரு தலித் மந்திரியின் முகம் ஞாபகம் வரும்படிப் பத்திரிகைகள் வருசக்கணக்கில் எழுதின. ஆ.ராசா உள்ளிட்ட அனைவரையும் 2017 டிசம்பர் 21 அன்று தனி நீதிமன்றம் விடுவித்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. வழக்கு வழக்காக நடக்கட்டும். 122 உரிமங்களை ரத்து செய்த 2012 பிப்ரவரி 2ஆம் தேதி உச்சநீதிமன்றத் தீர்ப்பில் ஒரு விஷயம் இருக்கிறது, அதை அன்று கத்தியவர்கள் இன்று வசதியாக மறந்துவிட்டார்கள். அலைக்கற்றை இயற்கை வளம், மக்களுடையது, அரசு அதற்குக் காவலாள் என்றது நீதிமன்றம். 1995லேயே வானலைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது.

பொதுச்சொத்து என்றால் நமக்கு ஒரு பழைய வழக்கு ஞாபகத்துக்கு வர வேண்டும். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் உட்பட யாரும் நடக்கவும் பயன்படுத்தவும் தடை இல்லை என்பது அதன் சாரம். அரசாணையும் வந்தது. அன்று தெருவை அடைத்தவர்கள் என்ன சொன்னார்கள்? உனக்கு நடக்க வேறு பாதை இருக்கிறதே, சுற்றிக்கொண்டு போயேன் என்றார்கள். இன்று சொல்வது என்ன? உனக்கு வேறு போன் இருக்கிறதே, வாங்கிக்கொள்ளேன் என்கிறார்கள். அன்று சுற்றுப்பாதைக்கு உழைத்தது நம் கால். இன்று அழப்போவது நம் மடிக்காசு. சேதி போகிற அலையும் பொதுவழிதான். அதை அடைப்பவன் மாற்றுவழி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் தங்கள் வருமானத்தில் 5 சதவீதத்தை, எட்டாத சனங்களுக்குச் சேவை கொண்டுபோக என்று ஒரு நிதியில் கட்டுகின்றன. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பின் அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அதில் பல்லாயிரம் கோடி செலவாகாமல் கிடந்தது பாராளுமன்றத்திலேயே சொல்லப்பட்ட சேதி. நம் பெயரில் ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடப்பது நமக்குப் புதுசா? சிறப்பு உட்கூறுத் திட்டத்தில் பார்த்த அதே கூத்து.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: எந்த நெட்வொர்க்கையும் மூட இரண்டு வருசத்துக்கு முன்பே தேதியைத் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் அறிவிக்க வேண்டும். அதற்குமுன் சேரி சேரியாக 4ஜி பேச்சு சிக்னல் எட்டுகிறதா என்று அளந்து சொல்ல வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கிறவருக்கு எந்த சிம்மும் போடக்கூடிய 4ஜி பட்டன் போன் அந்த நிதியிலிருந்து இலவசமாகத் தர வேண்டும், வீட்டுக்கு ஒன்று என்றில்லாமல் ஆளுக்கு ஒன்று. உன் போன் தேறுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவில் இருந்ததுபோல ஒரு எண் வேண்டும். மூடலால் அறுந்த நம்பரை ஒரு வருசத்துக்கு வேறு ஆளுக்கு விற்கக்கூடாது.

7

கோரிக்கை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. அதுவரை சனங்கள் பிழைக்க வேண்டும். மாணவத் தோழர்களே, லீவில் ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள்.

யார் கையில் என்ன போன், அதில் வோல்ட்டி இருக்கிறதா, எந்த சிம், எந்த நம்பர் வங்கியிலும் ஆதாரிலும் இருக்கிறது என்று எழுதுங்கள். நம்பரும் ஆளும் ஒத்துப்போகாத இடத்தில் கையோடு கூட்டிக்கொண்டு வங்கிக்கு வாருங்கள். தனியாக வருகிற ஆயாவை நாளைக்கு வா என்று சொல்கிற கவுண்டர், கூடப் படித்த பிள்ளை நின்றால் இன்றைக்கே செய்யும். எனக்குத் தெரியும், நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன்.

கம்பெனி மாற வேண்டிவந்தால் புது நம்பர் வாங்க விடாதீர்கள். சிக்னல் இருக்கும்போதே PORT என்ற ஆங்கில எழுத்துகளோடு நம்பரையும் போட்டு 1900க்கு அனுப்பி, பழைய நம்பரையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பேச்சுக்கு மட்டுமான ரீசார்ஜ் இருப்பதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், பெயர் சொல்லிக் கேட்கக் கற்றுக்கொடுங்கள். போன் மாற்றும்போது பழைய போனில் இருக்கிற நம்பர்களை எல்லாம் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள், மூன்றாவது பட்டன் மகன், ஐந்தாவது பட்டன் மகள் என்று விரலால் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். புதுப் போனிலும் மகனை அதே மூன்றில், மகளை அதே ஐந்தில் வையுங்கள். சின்ன வேலைதான். அதைச் செய்யாவிட்டால் அந்தக் கிழவிக்கு மகன் ஒரு நாளில் தொலைந்துபோவான்.

அந்த நோட்டை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து சேரியின் நோட்டு சேர்ந்தால் அது ஒரு மனு. நூறு சேரியின் நோட்டு சேர்ந்தால் எந்தக் கம்பெனியிடமும் எந்த மந்திரியிடமும் இல்லாத கணக்கு நம்மிடம் இருக்கும். நம்மைப் பற்றிய கணக்கை நாமே எழுதுவோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, விடுதலை என்று எங்கள் சொல்லை எடுத்தீர்களே, அதற்கு உரிய விலையைக் கொடுங்கள் என்று கேட்போம்.